நுணுக்க வேலைக்கு ஸ்க்ரோல் சா வாங்கும்போது எதைப் பாக்கணும்

வணக்கம் நேயர்களே. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பக்கம் போனீகன்னா பழைய வீடுகள்ல இருந்து கழட்டுன பர்மா தேக்கு நிலை, கதவு, தூண்னு கடை கடையா அடுக்கி வச்சிருப்பாக, அதைப் பாத்துட்டு வந்து நாமளும் வீட்டுக்கு ஒரு பூவேலை ஜாலி, அதான் கண்ணு கண்ணா அறுத்தெடுத்த மரத் தட்டி, செஞ்சு மாட்டணும்னு ஆசைப்படுற தம்பிக இப்ப நெறைய பேரு, அவுக கேக்குற முதல் கேள்வியே அண்ணே எந்த ஸ்க்ரோல் சா வாங்கலாம்ங்கிறதுதான். ஸ்க்ரோல் சான்னா மெல்லிசான பிளேடு மேலயும் கீழயும் ஆடி வளைவு வளைவா அறுக்கற கரண்டு ரம்பம்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். நிலைவாசல்ல இருக்கற கஜலட்சுமி மாதிரி புடைப்பா வர்றதெல்லாம் உளி வேலை, அதுக்கு இந்த மெஷின் ஆகாது. பலகையோட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் அறுத்து பூவும் கொடியும் எடுக்கறதுக்குத்தான் இது.

கடையில 16 இன்ச், 20 இன்ச்னு சொல்லுவாக. பிளேடுக்குப் பின்னாடி எவ்வளவு எடம் இருக்குங்கிற கணக்கு அது. 16 இன்ச்லயே 32 இன்ச் வட்டப் பலகைக்கு நடு வரைக்கும் போயிடலாம், வீட்டு வேலைக்குத் தாராளம், அதுக்கு மேல காசு போடாதீக.

காசு போட வேண்டிய எடம் பிளேடை மாட்டுற கிளாம்ப்தான், இதை நான் அழுத்திச் சொல்றேன். பிளேடு ரெண்டு வகை, முனையில குறுக்கால பின் வச்சது ஒண்ணு, பின் இல்லாதது ஒண்ணு. ஜாலி வேலையில ஒவ்வொரு கண்ணுக்கும் ஓட்டை போட்டு, பிளேடைக் கழட்டி, உள்ள விட்டு, திரும்ப மாட்டணும். பின் வச்ச பிளேடுக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்காவது ஓட்டை வேணும், ஒரு சின்ன மல்லிகை மொட்டு டிசைன்ல அந்த ஓட்டையே மொட்டை முழுங்கிடும், பின் இல்லாததுக்கு ஒண்ணரை மில்லிமீட்டர் போதும், அதனால பின் பிளேடு மட்டும்தான் மாட்ட முடியும்னு சொல்ற மெஷின் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேணாம். ஸ்பேனர் தேடாம கையாலயே திருகிக் கழட்ட முடியுதான்னும் பாத்துக்கங்க, ஒரு ஜாலி முடிக்கறதுக்குள்ள எத்தனை தடவை கழட்டி மாட்டணும்னு செய்றவுகளுக்குத்தான் தெரியும்.

அடுத்தது அதிர்வு. கெட்டி மரத்துல மெஷின் நடுங்குனா கோடு விலகிடும், கனமான வார்ப்பிரும்பு உடம்பா இருந்தா நல்லது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கற வசதி கட்டாயம் வேணும், ஏன்னா தோதகத்தி (ரோஸ்வுட்) மாதிரி மரத்துல வேகமா ஓட்டுனா ஓரம் கருகிப்போகும். பலகை மேல பேக்கிங் டேப் ஒட்டிட்டு அறுத்துப் பாருங்க, கருகறது நல்லாவே குறையும்.

சிங்கப்பூர் மலேசியாவுல இருந்து சொந்தக்காரவுக வாங்கிட்டு வர்ற மெஷின் நம்ம ஊர் கரண்டுக்கு ஒத்துப்போகும். அமெரிக்காவுல இருந்து வர்றது, அங்க பேர் வாங்குன டிவால்ட் 788 உள்பட, 120 வோல்ட்ல ஓடுறது. நம்ம 230 வோல்ட்ல நேரா சொருகுனா மோட்டார் போயிடும், தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் கண்டிப்பா வேணும்.

பிளேடுல கஞ்சத்தனம் வேணாம். தேக்குல சிலிக்கா இருக்கறதால பல்லு சீக்கிரம் மழுங்கும், மழுங்குனதை வச்சு அழுத்தித் தள்ளுனா பிளேடு வளைஞ்சு வெட்டு சாஞ்சிடும். அரை இன்ச் பலகைக்கு 5ஆம் நம்பர், முக்கால் இன்ச்சுன்னா 7 இல்ல 9. கீழ் முனையில சில பல்லு மேல பாத்த மாதிரி திரும்பி இருக்கற ரிவர்ஸ் டூத் பிளேடா கேளுங்க, அடிப்பக்கம் சிம்பு தெறிக்காது. பழைய தேக்குன்னா ஒரு காந்தத்தை மேல ஓட்டி ஆணி இருக்கான்னு பாத்துடுங்க. தேக்கு, தோதகத்தி தூளு மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது, மாஸ்க் போடாம உக்காராதீக.

கடைக்குப் போறப்ப உங்க மரத்துலயே ஒரு துண்டு கையில எடுத்துட்டுப் போங்க. அங்கயே ஒரு இறுக்கமான வளைவு அறுத்துக் காட்டச் சொல்லி, மேலயும் அடியிலயும் கோடு ஒண்ணா இருக்கான்னு திருப்பிப் பாத்துட்டு அப்புறம் பணத்தைக் குடுங்க.