கம்போ பானையில ஒரு ஊரு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அமெரிக்காவோட தெக்குல இருக்குற லூசியானா ஸ்டேட்ல, நியூ ஆர்லியன்ஸ்ல நான் மூணு வருஷம் குடியிருந்தேன், அந்த ஊரப் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டதும் எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது கம்போதான்.

கம்போன்னா சோத்து மேல ஊத்தி சாப்புடுற கெட்டிக் குழம்பு. எறா, நண்டு, கோழின்னு வீட்டுக்கு வீடு மாறும். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா செஞ்சு காட்டுனாங்க. எண்ணெயில மைதாவப் போட்டு சின்னத் தீயில கை எடுக்காம கிண்டணும், முக்கால் மணி நேரம்கூட ஆகும், பொன்னிறமாகி அப்புறம் சாக்லேட் கலருக்கு வரும், கொஞ்சம் அசந்து கரும்புள்ளி விழுந்துச்சுன்னா மொத்தத்தையும் கொட்டிட்டு திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான். இதுக்குப் பேரு ரூ. பதம் வந்ததும் வெங்காயம், செலரிங்குற வாசனைத் தண்டு, குடமிளகாய் போடணும்.

ரூ பிரெஞ்சுக்காரங்க வழியா வந்தது. 1718ல அந்த ஊர ஆரம்பிச்சது அவங்கதான், நடுவுல ஸ்பெயின் கைக்குப் போயி திரும்பி வந்து, 1803ல நெப்போலியன் லூசியானா மொத்தத்தையும் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு வித்துட்டாரு. சில வீட்டுல கடைசியா ஃபீலே பொடி போடுவாங்க, சாஸஃப்ராஸ்ங்குற மரத்தோட இலையக் காயவச்சு அரைச்சது, அது அங்கத்திய பூர்வகுடி சாக்டா மக்களோட கைப்பக்குவம்.

ஆனா கம்போங்குற பேரு ஆப்பிரிக்க பாஷையில வெண்டைக்காய்க்கு இருக்குற வார்த்தையிலேர்ந்து வந்ததுங்க. குழம்பு கெட்டியாக அந்த வெண்டைக்காயத்தான் போடுவாங்க. 1719லேர்ந்து அடிமைக் கப்பல்ல சங்கிலியோட வந்தவங்க கொண்டுவந்த ருசி அது, இத வெறும் பிரெஞ்சு சாப்பாடுன்னு யாராச்சும் சொன்னா எனக்கு மனசு ஆறாது.

அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம். 1817ல ஒரே எடத்துலதான் கூடணும்னு நகர நிர்வாகம் சட்டம் போட்டுச்சு, அந்த எடந்தான் காங்கோ ஸ்கொயர். அங்க மேளம் அடிச்சு ஆடுனாங்க, பலகாரம், காய்கறின்னு வித்தாங்க, அப்படிச் சிறுகச் சிறுக சேத்த காசுல தன்னோட விடுதலையவே வெலை குடுத்து வாங்குனவங்க உண்டு. ஜாஸ்ங்குற இசையோட வேரு அந்த மேளத்துல இருக்கு. 1901ல அதே ஊர்ல பொறந்த ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் பேர்லதான் இப்ப காங்கோ ஸ்கொயர் இருக்குற பார்க்கே இருக்கு.

இப்பவும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் மேளத்தோட வந்து வட்டமா உக்காந்துடுவாங்க, பாட்டியம்மா ஓக் மரத்தடியில மடக்கு சேரப் போட்டு, கண்ண மூடிகிட்டு கால்லயே தாளம் போடுவாங்க.