மணி அடித்தால்தான் வயலில் கால் வைக்கலாம்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு உங்களை அறுப்பு முடிந்த ஒரு கோதுமை வயலுக்கு அழைத்துப் போகப்போகிறேன். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சஃபோக் என்று ஒரு மாவட்டம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆகஸ்ட் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுகளை எல்லாம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் வயல் நடுவில் ஒரே ஒரு கட்டு மட்டும் நிற்கிறது. யாரும் அதை மறந்துவிட்டுப் போகவில்லை. அது நிற்கும்வரை வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். பிற்காலத்தில் அந்தக் கட்டுக்குப் 'போலீஸ்காரர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம், உதிர்ந்த கதிரைப் பொறுக்கிக்கொள்ள ஏழை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் காத்திருப்பார்கள். கட்டை எடுத்துவிட்டார்களா, அடுத்து மாதா கோயில் மணி அடிக்கவேண்டும். பல ஊர்களில் காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முதல் மணிக்கு முன்னால் யாரும் வயலில் இறங்கக்கூடாது, இரண்டாவது மணிக்குப் பிறகு இருக்கவும் கூடாது. கைக்குழந்தைக்காரியும் வயதானவளும் பின்தங்கிப் போகாமல் இருக்க ஊரே செய்துகொண்ட ஏற்பாடு இது. மணி அடிப்பவருக்குக் குடும்பத்துக்கு ஒரு பென்னி கொடுத்த ஊர்களும் உண்டு.

சரி, உள்ளே போய் எப்படிப் பொறுக்கினார்கள்? குனிந்த தலை நிமிராமல், பகல் முழுக்க. காம்போடு கிடைத்த கதிரை இடது கையில் சேர்த்துக்கொண்டே போவார்கள். கை நிறைந்ததும் அதே தாளால் கழுத்தில் ஒரு முடிச்சு. காம்பு ஒடிந்த குட்டைக் கதிர் இடுப்பில் கட்டிய துணிப்பைக்குள் போகும். பிள்ளைகளுக்கும் சின்னதாக ஒரு பை உண்டு. வெட்டிய கோதுமைத் தாள் ஊசி மாதிரி நிற்கும். கணுக்காலில் ரத்தக் கோடு விழாத பிள்ளை இருக்காது. சாயங்கால மணி அடித்ததும் பொறுக்கியதை எல்லாம் பெரிய கட்டாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். இப்படியே சில வாரங்கள்.

வீட்டில் அந்தக் கதிரை அடித்து, தூற்றி, மூட்டை கட்டி மாவு மில்லுக்கு அனுப்புவார்கள். நல்ல வருஷத்தில் சுறுசுறுப்பான ஒரு குடும்பத்துக்கு ஐந்தாறு புஷல் கோதுமை சேரும். ஒரு புஷல் ஏறக்குறைய 27 கிலோ. 150 கிலோ கோதுமையை ஒவ்வொரு கதிராகக் குனிந்து எடுத்திருக்கிறார்கள்! அந்தக் காலத்துப் பண்ணைக் கூலியாளின் சம்பளத்தில் பாதிக்கு மேல் ரொட்டி மாவுக்கே போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு மூலையில் மாவு மூட்டை நிற்கிறது என்றால் அது எவ்வளவு பெரிய தைரியம், யோசித்துப் பாருங்கள். பல குடும்பங்களில் இந்த வரும்படி ஆண்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கியது என்று பீட்டர் கிங் என்ற வரலாற்று ஆய்வாளர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். விதவைகளின் வீட்டில் அதற்கும் மேலே. புருஷன் வாரக் கூலி கொண்டுவருவான். இது மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து சம்பாதித்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பழைய கிராமத்துக் குடும்பம் என்றால் ஆண் உழைத்தான், பெண் அடுப்பங்கரையில் இருந்தாள் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த மாவு மூட்டை அப்படிச் சொல்லவில்லை.

இதை யாரும் பிச்சையாக நினைக்கவில்லை, உரிமை என்றே நினைத்தார்கள். மோசேயின் சட்டத்தில் இருக்கிறது: வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்று. விவிலியம் படித்தவர்களுக்கு மாமியாரைக் காப்பாற்றக் கதிர் பொறுக்கப் போன ரூத் ஞாபகத்துக்கு வருவாள். இங்கிலாந்தின் பெரிய சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனும், அறுத்த வயலில் ஏழை நுழைந்து கதிர் பொறுக்கினால் அது அத்துமீறல் ஆகாது என்றே எழுதியிருந்தார்.

அப்புறம் 1787 வந்தது. சஃபோக்கில் டிம்வொர்த் என்ற சின்னக் கிராமம். மேரி ஹௌட்டன் என்ற பெண், ஜேம்ஸ் ஸ்டீல் என்பவருடைய வயலில் கதிர் பொறுக்கினாள். ஸ்டீல் வழக்குப் போட்டுவிட்டார். 1788-இல் லண்டன் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. நான்கு நீதிபதிகளில் கூல்டு என்பவர் மட்டும் மேரியின் பக்கம் நின்றார். மற்ற மூவரும், கதிர் பொறுக்குவது பொதுச் சட்டப்படி யாருக்கும் உரிமை இல்லை என்றார்கள். சொத்து என்றால் அதை உடையவன் ஒருவனே அனுபவிப்பது. மோசேயின் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. இவ்வளவுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கின் தலைப்பைப் பாருங்கள்: 'ஸ்டீல் எதிர் ஹௌட்டனும் மனைவியும்'. வயலில் குனிந்தவள் மேரி. தலைப்பில் இருக்கும் ஹௌட்டன் அவள் புருஷன், அவளுடைய பெயர் அதில் இல்லை. 'மனைவி', அவ்வளவுதான், அதுவும் லத்தீனில். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். டிம்வொர்த்துக்குப் பக்கத்து ஊர் கல்ஃபோர்டு. அங்கே இருந்தது கார்ன்வாலிஸ் குடும்பத்தின் மாளிகை. ஆமாம், திப்பு சுல்தானோடு சண்டை போட்டு 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையை வாங்கிய அதே கார்ன்வாலிஸ். மேரியின் வழக்கு நடந்தபோது அவர் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1793-இல் வங்காளத்தில் ஜமீன்தார்களுக்கு நிலத்தை நிரந்தரச் சொத்தாக எழுதிக்கொடுத்த ஏற்பாடும் அவர் காலத்ததுதான். நிலம் ஒருவருக்கே முழுச் சொந்தம், மற்றவர்களின் பழைய பாத்தியதை எல்லாம் செல்லாது என்ற நினைப்பு வங்காளத்திலும் இங்கிலாந்திலும் ஒரே சமயத்தில் பலம் பெற்றிருக்கிறது.

தீர்ப்பு வந்துவிட்டதே, பெண்கள் நிறுத்திவிட்டார்களா? இல்லை. அடுத்த ஆகஸ்டிலும் மணி அடித்தது, அவர்களும் போனார்கள். ஒவ்வொருத்தி மேலும் வழக்குப் போட எந்தப் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும்? ஜெயித்தாலும் கூலிக்காரனிடம் நஷ்டஈடு எங்கிருந்து வசூலிப்பது? தடுக்க வந்த பண்ணைக்காரரைப் பெண்கள் கூட்டமாகச் சூழ்ந்து விரட்டியதும் உண்டு. நூறு வருஷம் கழித்தும் இந்த வழக்கம் இருந்தது. அறுப்புக் காலத்தில் வகுப்பு காலியாகிவிடும் என்பதால், கிராமத்துப் பள்ளிகள் விடுமுறையையே அதற்கு ஏற்றபடி விட்டன.

நீதிமன்றத்தால் முடியாததைக் கடைசியில் செய்து முடித்தவை அறுவடை இயந்திரமும், சிந்திய கதிரையும் வாரிச் சேர்த்துவிடும் குதிரை இழுத்த வாரியும். வாரி போன வயலில் பொறுக்க என்ன மிஞ்சும்? கடையில் வெள்ளை மாவும் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. ஊர் ஊராக அந்த மணி நின்றுபோனது. நிற்காத சில ஊர்களிலும் வயலுக்குப் போனவர்கள் கிழவிகளும் சின்னப் பிள்ளைகளும்தான். அவர்கள் கொண்டுவந்த கதிர் மில்லுக்குப் போகவில்லை. கொல்லைப்புறத்தில் கோழிகளுக்குப் போட்டார்கள்.