பெரியம்மாவின் தலையில் பன்றிப் புழு

சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் டர்பன் முழுக்கவும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். இன்றைக்கு எங்கள் பெரியம்மாவுக்கு வந்த வலிப்பைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

பெரியம்மா புரட்டாசிக்கு மட்டும் சைவம் இல்லை, வருடம் பூராவும் சைவம். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் காய்ச்சும்போது அண்டாவைக் கிளறுவது அவர்தான். ஐம்பத்திரண்டு வயதில் ஒருநாள் அடுப்படியிலேயே விழுந்து கைகால் இழுத்துக்கொண்டது. காக்காய் வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். ஸ்கேனில் மூளைக்குள் சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தன. பார்த்த டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "பன்றிக்கறி சாப்பிடுவீர்களா?" பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டார். சரி, அப்படியானால் நாடாப்புழு இல்லை என்று முடிவு கட்டி, காசநோயா புற்றுநோயா என்று தேடியதில் நாலு மாதம் போயிற்று.

அந்தக் கேள்வியே தவறு. இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும், நான் இங்கே வந்ததற்குப் பலன் உண்டு.

நோய் பிடித்த பன்றியின் கறியில் அரிசி மணி, பட்டாணி அளவுக்கு வெள்ளை நீர்க்கட்டிகள் இருக்கும். அந்தக் கறி சரியாக வேகாமல் வயிற்றுக்குள் போனால் குடலில் நாடாப்புழு வளரும். சில மீட்டர் நீளம் வளர்ந்தாலும், பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருக்காது. அந்தப் புழு மலத்தோடு முட்டைகளை வெளியே விடுகிறது. புழுவின் உடம்பிலிருந்து கழன்று விழும் ஒரு துண்டிலேயே முட்டைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கழிப்பறை இல்லாத ஊரில், அவிழ்த்துவிட்ட பன்றி அதைத் தின்கிறது. முட்டை பன்றியின் தசையில் கட்டியாகிறது. அதே முட்டை கழுவாத கை வழியாகவோ, தண்ணீர், கொத்தமல்லிக்கட்டு வழியாகவோ நம் வாய்க்குள் போனால், நம் உடம்பிலும் கட்டியாகிறது. முட்டைக்கு மனிதனும் பன்றியும் ஒன்றுதான். மூளையில் போய் உட்கார்ந்தால் வலிப்பு. அதாவது பன்றிக்கறி தருவது வயிற்றுப்புழு. மூளைக்கட்டியைத் தருவது, வயிற்றில் புழு இருக்கும் ஒரு மனிதரின் மலத்திலிருந்து வரும் முட்டை.

1992இல் நியூயார்க்கில் பன்றிக்கறியைத் தொடவே தொடாத யூதக் குடும்பங்களில் இதே நோயைக் கண்டுபிடித்து எழுதினார்கள். நோய் நிலைத்திருக்கும் பல இடங்களில் வலிப்பு நோயாளிகள் நூறு பேரில் சுமார் 30 பேருக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. நமக்குப் பக்கத்தில் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துக் கிராமங்களில் இது பழைய தொல்லை.

பெரியம்மாவின் மருமகன் லாரி ஓட்டுபவர். வாராவாரம் அந்த ஈஸ்டர்ன் கேப்பில் இருக்கும் ம்தாதா ஊர்ப் பக்கம் போவார். வழியில் கிடைக்கும் பன்றிக்கறி சாப்பிடுவார். அவருக்கு ஒரு நோவும் இல்லை. இன்னொரு டாக்டர், ஸ்கேனில் ஒரு கட்டிக்குள் புள்ளி மாதிரி தெரிந்ததைப் பார்த்துவிட்டு, "இது புழுவின் தலை" என்றார். அந்தப் புள்ளி தெரிந்துவிட்டால் அதற்கு மேல் சந்தேகமே வேண்டாம். ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு கட்டி என்றாலோ, கட்டி சுண்ணாம்பாகிவிட்டாலோ அது காட்டாமல் போகலாம். அதனால் ரத்தத்தில் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது.

அப்புறம் வீட்டில் எல்லோரின் மலத்தையும் நாங்கள் பார்த்தோம். மருமகனின் முதல் மாதிரியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் முட்டை கிடைத்தது. புழு தினமும் முட்டை விடாது, அதனால்தான் வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கேட்கிறோம். முட்டையை வைத்து மாட்டுப் புழுவா பன்றிப் புழுவா என்று பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பிறகு வெளியேறிய ஒரு துண்டைக் கையுறை போட்டு, இரண்டு கண்ணாடிக்கு நடுவே அழுத்தி, கர்ப்பப்பையின் கிளைகளை எண்ணினேன். ஒரு பக்கத்தில் ஒன்பது. மாட்டுப் புழு என்றால் பெரும்பாலும் பதினைந்துக்கு மேல் இருக்கும். அந்த ஒன்பதை இரண்டு முறை எண்ணினேன். என் பெரியம்மா அல்லவா.

மருமகன் அழுதார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. இதைக் கேட்டுவிட்டு உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவைச் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கழிப்பறையும் குழாய்த்தண்ணீரும் கிடைக்காத ஊர்களில் தங்கிவிட்ட நோய் இது. புழு யார் வயிற்றிலும் இருக்கலாம்.

மருந்து இருக்கிறது. ஆனால் வலிப்பு வந்தவர் தானாகப் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. சில மாத்திரைகள் மூளைக் கட்டியையும் தாக்கும். கட்டிக்குள் இருக்கும் இளம்புழு சாகும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு கூடும். டாக்டர் வீக்கத்துக்கும் சேர்த்து மருந்து கொடுப்பார்.

வலிப்பு வந்த ஒருவரை கிளினிக்குக் கூட்டிப்போனால், "வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்யலாமா?" என்று நீங்களே கேளுங்கள். சிறு டப்பா கொடுப்பார்கள். வெட்கப்படாமல், மூன்று நாளும் கொண்டுபோய்க் கொடுங்கள்.