அந்த மரபணு எந்த வயலில் இருந்தது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நடவு வேலையை முடித்த கையோடு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'மாறிவரும் காலநிலையில் உழவைக் காப்பது பல்கலைக்கழக ஆராய்ச்சியா, மண்ணின் மரபறிவா?' இதுதான் தலைப்பு. மரபறிவே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு நெல்லைத் தூக்கிக் காட்டினார். ஸ்வர்ணா சப்-1. இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் நெல். 2009-இல் இந்தியாவில் வெளியானது. 'இது ஆய்வகம் கொடுத்த உயிர்' என்றார். அந்த நெல்லின் பெருமையில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவர் கதையைப் பாதியிலிருந்து ஆரம்பித்தார். முன்பாதியை நான் சொல்கிறேன்.

சப்-1 என்ற அந்தப் பண்பு எங்கிருந்து வந்தது? எஃப்.ஆர்.13ஏ என்ற நெல்லிலிருந்து. எஃப்.ஆர்.13ஏ எங்கிருந்து வந்தது? ஒடிசா உழவர்கள் காலங்காலமாக விதைத்துவந்த தால்புட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து பிரித்தெடுத்தது. மற்ற நெல் பலவும் தண்ணீருக்குள் மூழ்கினால் பதறிப்போய் உயர உயர வளரும். இருக்கிற சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிட்டு, வெள்ளம் வடியும்போது துவண்டு விழுந்துவிடும். இந்த நெல் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். கையிருப்பைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி காத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். இது எந்த மரபணுவால் நடக்கிறது என்று கண்டுபிடித்து 2006-இல் வெளியிட்டவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தாரும் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும். பெரிய வேலை, வணங்குகிறேன். ஆனால் ஊரே மூழ்கி, ஏதோ ஒரு வயல் மட்டும் பிழைத்து நின்ற ஆண்டுகளில், அந்தக் கதிரைத் தனியாக அறுத்து, தனியாகக் காயவைத்து, விதைக்கென்று எடுத்து வைத்தது யார்? பசி வந்த நாளிலும் அந்த விதைநெல்லில் கை வைக்காமல் இருந்தது யார்? அவர்கள் பெயர் எந்த ஆய்வுத்தாளிலும் கிடையாது. எழுதி வைக்க அவர்களிடம் காகிதமும் இருந்ததில்லை.

அப்புறம், 'நாட்டு நெல் உயரமாக வளரும், காற்றடித்தால் சாயும், விளைச்சலும் குறைவு' என்றார்கள். உண்மைதான். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரன். சாய்ந்த பயிரைக் கட்டிக் கட்டி நிமிர்த்திய கைகள் எங்கள் வீட்டிலேயே உண்டு. அந்தக் குறையைத் தீர்த்தது 1966-இல் வந்த ஐ.ஆர்.8 என்று எதிரணியில் பெருமையாகச் சொன்னார்கள். சரி, ஐ.ஆர்.8-க்குக் குட்டைத் தண்டைக் கொடுத்தது எது? தைவான் உழவர்களின் நாட்டு நெல், தீ-ஜியோ-வூ-ஜென். நீங்கள் எந்த ஆய்வகக் கதவைத் தட்டினாலும், உள்ளே ஒரு உழவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார், நடுவர் அவர்களே.

இப்போது பொக்காளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை அவசரமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர்க் கடலோரங்களில் விளையும் உப்பு தாங்கும் நெல் அது. கடல் மட்டம் உயர்கிறது, உப்பு உள்ளே வருகிறது என்று உலகமே கவலைப்படுகிற நாளில், அந்த நெல்லிலிருந்துதான் 'சால்டால்' என்ற உப்பு தாங்கும் மரபணுப் பகுதியை ஆய்வாளர்கள் எடுத்தார்கள். எடுத்தது விதைக்குள் இருந்ததை மட்டும். வயலில் நடப்பதைக் கேளுங்கள். கோடையில் வயலின் தண்ணீரை வடித்துக் காயவைத்து, மண்ணைச் சிறுசிறு மேடுகளாகக் குவிக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை அந்த மேட்டின் உப்பைக் கழுவி இறக்குகிறது. உப்பு இறங்கிய மேட்டின் தலையில் முளைகட்டிய விதையைப் போடுகிறார்கள். நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டி, மண்ணோடு சேர்த்து நாற்றைச் சுற்றிலும் பரப்புகிறார்கள். அறுக்கும்போது கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அது அழுகி, அறுவடைக்குப் பிறகு அதே வயலில் வளர்க்கும் இறாலுக்குத் தீனியாகிறது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். மழை எப்போது இறங்கும், மேடு எவ்வளவு உயரம், மதகை எந்த ஓதத்தில் திறக்க வேண்டும், இதெல்லாம் எந்த மரபணுவில் இருக்கிறது? அந்த வரப்பில் நடந்த கால்களில்தான் இருக்கிறது. அந்த மனிதர்கள் வயலை விட்டுப் போய்விட்டால், சால்டால் ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கும், பொக்காளி உழவு இருக்காது.

எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். 'பருவமே மாறிவிட்டது. தாத்தா சொன்ன பட்டம் இனி பொருந்தாது. பழைய அறிவு செல்லாத காசு' என்று ஒரு தங்கை பேசினார். பட்டம் தவறுகிறது என்பது உண்மை, அம்மா. ஆனால் மரபறிவை வெறும் பஞ்சாங்கமாகப் பார்த்துவிட்டீர்கள். என் தாத்தா ஒரே விதையை நம்பி உழவு செய்ததில்லை. உவர் ஏறிய கடலோரத் துண்டுக்குக் குழியடிச்சான், தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு மடுமுழுங்கி என்று வைத்திருந்தார். எந்த ஆண்டு எது வரும் என்று தெரியாததால்தான் அத்தனை வகை. காலநிலை விஞ்ஞானி இன்று கேட்பதும் அதைத்தானே? இன்னொன்று, குளிரறையில் வைத்த விதை, வைத்த ஆண்டிலேயே நின்றுவிடுகிறது. வயலில் இருக்கும் விதை ஒவ்வொரு உப்பையும் ஒவ்வொரு வறட்சியையும் பார்த்துப் பார்த்து மாறிக்கொண்டே வருகிறது.

எங்கள் ஊர்ப்பக்கத்து நெல் ஜெயராமன் அவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2018 டிசம்பரில் மறைந்தார். நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுப்பார், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட நெல் வகைகள் அப்படித்தான் கைக்குக் கை பரவின. விதையைக் காப்பது என்றால் கொடுப்பது. இந்தப் பண்பாட்டை எந்தப் பெட்டியில் பூட்டி வைப்பீர்கள்?

பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். சத்தீஸ்கரின் ஆதிவாசிகளிடமும் மற்ற உழவர்களிடமும் விஞ்ஞானி ரிச்சாரியா ஊர் ஊராகச் சேர்த்த 19,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. 2002-இல் அந்தச் சேகரிப்பின் மீது ஒரு பன்னாட்டு விதை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடப் பேச்சு நடந்தது. கொடுத்த உழவரை யாரும் கேட்கவில்லை. மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் நிறுவனம் பின்வாங்கியது. சேர்த்தவர் ஒரு நல்ல விஞ்ஞானி. அவருடைய உழைப்பைக்கூட உழவர்கள்தான் தெருவில் நின்று காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அகத்தியமலையில் 1987-இல் காணி மக்கள் ஒரு மூலிகையைக் காட்டிக் கொடுத்தார்கள், ஆரோக்கியப் பச்சை. அதிலிருந்து மருந்து செய்த கேரள ஆய்வு நிறுவனம், வந்த உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு என்று எழுதிக் கொடுத்தது. அறிவைத் தந்தவர்களுக்குப் பங்கு கொடுத்தே ஆராய்ச்சி செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசியாக ஒருவர். ஒடிசாவின் கோராபுட் மாவட்டம், பரஜா பழங்குடி, கமலா பூஜாரி. பள்ளிக்கூடம் போகாதவர். வீடு வீடாக நடந்து நாட்டு நெல் வகைகளைச் சேர்த்தவர். 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2024-இல் காலமானார். புவனேஸ்வர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவியர் விடுதிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். எங்கள் அணி கேட்பது இன்னும் ஒரு படி மேலே: அவரைப் போன்ற பெண்கள் அந்த வளாகத்து வகுப்பறையில் பாடம் நடத்த வேண்டும். ஆய்வுத்தாளில் ஆசிரியர் பெயர்களின் வரிசையில் அவர்கள் பெயரும் வர வேண்டும். விதை விற்று வரும் பணத்தில் அவர்கள் ஊருக்குப் பங்கு வர வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். தால்புட்டியாவை விதைத்தவர்களையும் மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.