டெக்ஸ்ட் கோப்பில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. ஒரு பழைய பாட்டு வரி இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் கீழே அதன் பொருளை எழுத வேண்டும். நோட்பேடைத் திறக்கிறோம், ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி அழகாக அடுக்குகிறோம். அதையே இணையப் பக்கத்தில் போட்டதும் எல்லாம் குலைந்துபோகிறது. ஏன் இப்படி ஆகிறது, இதை எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். சங்கப் பாடலைப் பதம் பிரித்துப் போடுகிறவர்கள், வட்டார வழக்கைப் பதிவு செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு.

முதலில் காரணம். ஹெச்டிஎம்எல் பக்கத்தில் நீங்கள் பத்து ஸ்பேஸ் போட்டாலும் உலாவி அதை ஒன்றாகச் சுருக்கிவிடும். 'ப்ரீ' என்ற குறிக்குள் போட்டால் சுருக்காது. ஆங்கிலத்துக்கு அது போதும், ஏனென்றால் அங்கே எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துரு கிடைக்கிறது. தமிழில் 'ட' எவ்வளவு ஒல்லி, 'ணை' எவ்வளவு அகலம் என்று பாருங்கள். ஒரே கட்டத்தில் இரண்டையும் அடைக்க முடியாது.

இன்னும் ஆழமாக ஒரு சிக்கல் இருக்கிறது. 'நெஞ்சம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 4 எழுத்து: நெ, ஞ், ச, ம். யூனிகோடில் அது 7 குறியீடு, கொம்பும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்வதால். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 21 பைட். இப்போது ஒரு மென்பொருள் "இந்தச் சொல்லின் நீளம் எவ்வளவு?" என்று கேட்டால் 4, 7, 21 மூன்றுமே சரியான விடைதான்! களப்பணி மொழியியலாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய டூல்பாக்ஸ் என்ற மென்பொருள் பைட்டை எண்ணித்தான் வரிகளை அடுக்கும். அந்தக் கோப்பை வேறு நிரலில் திறந்தால் பொருள் வரி எங்கோ தள்ளி நிற்கும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஸ்பேஸை வைத்து அடுக்காதீர்கள். எண்ணிக்கையை வைத்து இணையுங்கள். மேல் வரியில் 4 சொல் என்றால் கீழ் வரியிலும் 4 சொல். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரே ஒரு ஸ்பேஸ். மூன்றாவது சொல்லுக்கு மூன்றாவது பொருள். அவ்வளவுதான். கண்ணுக்கு நேராக நிற்காவிட்டாலும் பொருத்தம் கெடாது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சொல்லுக்குச் சொல் பொருள் எழுதும் முறைக்கு லைப்சிக் விதிகள் என்று மொழியியலில் ஒரு தொகுப்பு உண்டு. பெர்னார்ட் காம்ரி, மார்ட்டின் ஹாஸ்பெல்மத், பல்தாசர் பிக்கெல் ஆகியோர் உருவாக்கியது, மொத்தம் 10 விதிகள். கிறிஸ்டியன் லேமன் 1982-ல் எழுதிய கட்டுரை அதற்கு முன்னோடி. அதில் இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது: சொல்லைச் சிறுகோடு போட்டுப் பிரித்தால், மேலே எத்தனை கோடோ கீழேயும் அத்தனை கோடு இருக்க வேண்டும். ஒட்டிக்கொள்ளும் இடைச்சொல்லுக்குச் சமக்குறி. ஒரு சொல்லுக்குப் பொருள் இரண்டு சொல்லாக வந்தால் நடுவே புள்ளி. 'யாய்' என்றால் 'என் தாய்' அல்லவா? அதை 'என்.தாய்' என்று எழுத வேண்டும். ஸ்பேஸ் விட்டால் ஒரு சொல் கூடிப்போய்க் கணக்கு உதைக்கும்.

சரி, ஒரு வரியைச் செய்து பார்ப்போம். குறுந்தொகை 40, செம்புலப்பெயனீரார் பாட்டின் கடைசி அடி. திரையில் பாருங்கள்.

அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே
அன்பு-உடை நெஞ்சம் தாம் கல-ந்த்-அன்-அ=ஏ
அன்பு-உடைய நெஞ்சம் தாம் கல-இகா-சாரி-பல=அசை
'அன்புடைய நம் நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன'

நான்கு வரி. முதல் வரி, பதிப்பில் உள்ளபடி. அதைப் பிரிக்கக் கூடாது, யாராவது 'தாங்கலந்' என்று தேடினால் கிடைக்க வேண்டும். இரண்டாவது, பதம் பிரித்த வரி. மூன்றாவது பொருள், நான்காவது பொழிப்பு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். முதல் வரியில் இருக்கும் ஸ்பேஸ் சொல்லைப் பிரிக்க வந்தது இல்லை, சீரைப் பிரிக்க வந்தது. 'கலந்தனவே' என்ற சொல் நடுவில் உடைந்து 'கலந்' மூன்றாம் சீரிலும் 'தனவே' நான்காம் சீரிலும் போய்விட்டது. 'தாம்' என்பது புணர்ச்சியில் 'தாங்' ஆகிவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால், சீரும் 4, சொல்லும் 4. எண்ணிக்கை தற்செயலாகப் பொருந்துவதால், முதல் வரியை நிரலிடம் கொடுத்தால் அது எந்தப் பிழையும் காட்டாமல் 'தாங்கலந்' என்பதற்குக் கீழே 'தாம்' என்று போட்டுவிடும். ஆகவே எண்ணிப் பொருத்துவது இரண்டாம், மூன்றாம் வரிகளுக்கு இடையே மட்டும்தான். மரபுப் பாடல் எதுவானாலும் இது பொருந்தும்.

அப்புறம் அந்த 'இகா', 'சாரி', 'பல', 'அசை' என்ன? இறந்தகாலம், சாரியை, பலவின்பால், அசைநிலை. ஆங்கிலத்தில் இலக்கணக் குறிப்பைப் பெரிய எழுத்தில் போட்டு, சொல்லின் பொருளைச் சின்ன எழுத்தில் போடுவார்கள், பார்த்ததும் தெரிந்துவிடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. 'கல-இறப்பு' என்று எழுதினால் படிப்பவர் யார் செத்தார் என்று கேட்பார். அதனால் இலக்கணக் குறிப்புக்கு, வழக்கில் சொல்லாக வராத சுருக்கம் வையுங்கள். வேற்றுமைக்கு நம் மரபே எண் கொடுத்திருக்கிறது: இரண்டாம், நான்காம், ஏழாம் வேற்றுமைக்கு வே2, வே4, வே7. இதைவிடத் தெளிவான குறி தேவையில்லை. சுருக்கப் பட்டியலைக் கோப்பின் தலையிலேயே எழுதிவிடுங்கள். 'பல' போன்ற குறி சொல்லோடு குழம்பும் என்று தோன்றினால் 'பலபா' என்று மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கோப்பு முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இப்படி எழுதிய கோப்பைப் பக்கத்தில் காட்டுவது சுலபம். ஒவ்வொரு சொல்லையும் அதன் பொருளையும் ஒரே பெட்டிக்குள் போட்டு, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் 'இன்லைன்-பிளாக்' என்று கொடுங்கள். போன் திரையில் வரி மடங்கினாலும் சொல்லும் பொருளும் சேர்ந்தே அடுத்த வரிக்கு இறங்கும். அட்டவணை போட்டால் அப்படி மடங்காது. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானில் கேட்கும்போதும் பெட்டி முறையில் சொல், பொருள், சொல், பொருள் என்று வரும். அட்டவணையை வரிசையாகப் படித்தால் பாட்டு முழுதும் முடிந்த பிறகுதான் பொருளே தொடங்கும். இதை யாரும் யோசிப்பதில்லை, தயவுசெய்து யோசியுங்கள். லேடெக் என்ற ஆவணம் அச்சுக்கோக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 'ஜிபி4ஈ' தொகுப்பு இருக்கிறது, அதுவும் ஸ்பேஸை வைத்து எண்ணித்தான் பொருத்துகிறது.

காட்சி முழுக்க உங்கள் கையில் இல்லாத இடம் என்றால்? வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல் மாதிரி? அங்கே நம் பழைய உரைகளின் வழியே சிறந்தது: 'அன்புடை - அன்புடைய, நெஞ்சம் - நெஞ்சங்கள், தாம் - தாமாகவே, கலந்தன - ஒன்றாகிவிட்டன' என்று ஓட்டமாக எழுதும் பதவுரை. அடுக்கவே வேண்டாம் என்பதால் எந்த அகலத்திலும் குலையாது. சொல்லின் உள்ளுறுப்பைக் காட்ட முடியாது, அது மட்டும்தான் குறை.

இன்று காட்டிய கோப்பையும், கோடுகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் சின்ன பைத்தான் நிரலையும் கீழே விளக்கத்தில் இணைத்திருக்கிறேன். இதே பாட்டின் முதல் அடியை, 'யாயும் ஞாயும் யாரா கியரோ', நீங்களே பிரித்துக் கருத்தில் போடுங்கள். அதிலும் கடைசிச் சொல் உடைந்துதான் கிடக்கிறது.