பாலாவிக் கரைத் தேவாரம்: யாப்பும் மெய்ப்பாடும்

[திரையில்: பாலாவித் தீர்த்தக் கரை]

வணக்கம். சிவராத்திரியன்று வன்னியின் பல ஊர்களிலிருந்தும் திருக்கேதீச்சரத்துக்கு வரும் அடியார்கள், பாலாவியில் நீர் மொண்டு மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே அபிடேகம் செய்கிறார்கள். அந்தப் பாலாவியைப் பெயர் சொல்லிப் பாடியவர் சுந்தரர். ஏழாம் திருமுறையில் 'நத்தார்' எனத் தொடங்கும் அவருடைய பதிகத்தின் முதற்பாட்டை, நம் கோயில்களில் பஞ்சபுராணம் ஓதும்போது பலரும் கேட்டிருப்பீர்கள்.

[திரையில்: பின்னிரண்டு அடிகள், சீர் பிரித்து]

பத்தாகிய தொண்டர்தொழு பாலாவியின் கரைமேல்
செத்தாரெலும் பணிவான்திருக் கேதீச்சரத் தானே

அடிக்கு நான்கு சீர். 'பத்தாகிய' என்பதை அசை பிரித்தால் நேர், நேர், நிரை, அதாவது தேமாங்கனி. அடியின் முதல் மூன்று சீர்களும் இவ்வாறு நிரையில் முடியும் கனிச்சீர்களாக வருவதால், ஓசை எங்கும் தங்காமல் உந்திக்கொண்டு ஓடி, 'கரைமேல்', 'தானே' என்ற ஈரசைச் சீரில்தான் கால் ஊன்றுகிறது. இறைவனின் கோலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊர்ப்பெயரை ஈற்றடி வரை தள்ளிவைக்கும் பாட்டுக்கு இந்த ஓட்டம் மிகவும் பொருந்துகிறது.

எதுகையே இப்பாட்டின் உயிர் என்பேன். நத்தார், மத்தம், பத்தாகிய, செத்தார் என நான்கடியும் வல்லின ஒற்றில் அறைந்து தொடங்குகின்றன. கரையில் நின்று தொழும் பத்தரையும் எலும்பாகிவிட்ட செத்தாரையும் ஒரே ஓசை அடுத்தடுத்த அடிகளில் பிணைத்துவிடுகிறது.

மெய்ப்பாட்டுக்கு, அதாவது பாட்டில் வெளிப்படும் உள்ளத்து உணர்வுக்கு வருவோம். அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் கூறும் நான்கில், அஞ்சவைக்கும் தெய்வமாகிய அணங்கும் விலங்கும் உண்டு. இங்கே இரண்டாம் அடியில் வரும், உரிக்கப்பட்ட மதயானை விலங்கு. அதன் தோலைப் போர்த்தவன் அணங்கு. மூன்றாம் அடியில் தொண்டர்கள் வந்ததும் அச்சம் தணிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம், ஆனால் சுந்தரர் உடனே எலும்பு மாலையைக் காட்டுகிறார். வேண்டுதலோ முறையீடோ இந்த முதற்பாட்டில் இல்லை. அச்சத்தை நீக்காமலே அதனைத் தம் தலைவனைப் பற்றிய பெருமிதமாக ஆக்கியிருக்கிறார் என்றே நான் கொள்கிறேன். பதிகத்தின் பண்ணாகிய நட்டபாடையை இன்று ஓதுவார்கள் கம்பீரநாட்டையில் பாடுவதும் இதற்கு இசைகிறது.

[திரையில்: 'செத்தாரெலும் | பணிவான்']

ஓதுவோருக்கு ஒரு சொல். சீர் பிரிப்பு 'எலும்பு' என்ற சொல்லை நடுவே வெட்டுகிறது. அங்கே மூச்சு விட்டால் 'பணிவான்' தனிச்சொல்லாகி, வணங்குபவன் என்று பொருள் திரியும்; ஆகவே 'எலும்பணிவான்' என்று சேர்த்தே பாடுங்கள்.