டப்பாவில் ஒன்று, தாளில் வேறொன்று

நேயர்களுக்கு வணக்கம். ஆலைகளிலும் ஆய்வகங்களிலும் வேலை செய்கிறவர்கள் சுவாசிக்கிற காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பது என் தொழில். நானோப் பொருட்களைக் கையாள்கிறவர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எந்த ரசாயனம் வாங்கினாலும் கூடவே ஒரு பாதுகாப்புத் தரவுத் தாள் வரும். அதில் 16 பகுதிகள். எட்டாவது பகுதியில், இந்தப் பொருள் காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம் என்று போட்டிருக்கும். கார்பன் நானோகுழாய் என்பது கரி அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குழாய். அதன் டப்பாவோடு வருகிற தாளை எடுத்து அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள். பல தாள்களில், பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டுக்கு உரிய அளவு அப்படியே எடுத்து எழுதப்பட்டிருக்கும். இரண்டும் கரிதானே என்ற கணக்கு.

செயற்கை கிராஃபைட் தூசியில், நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய பங்குக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிற அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம். அதே நாட்டின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், கார்பன் நானோகுழாய்க்கு 2013-இல் பரிந்துரைத்த அளவு 1 மைக்ரோகிராம், மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது கிராஃபைட்டின் அளவில் 5,000-இல் ஒரு பங்கு. தாளை நம்பி வேலை செய்கிற ஒருவர், எந்த விதியையும் மீறாமலேயே பரிந்துரைத்ததைப் போல 5,000 மடங்கு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம். இதைத்தான் நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். டப்பாவில் இருப்பது புதிய பொருள், தாளில் இருப்பது பழைய பொருளின் விவரம்.

ஒரே பொருள் சிறிதானால் ஏன் இப்படி மாறுகிறது? ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்கும் துகளைத்தான் பொதுவாக நானோ என்கிறோம். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டிக்கொண்டே போனால், எடை கொஞ்சமும் கூடாமல், மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். உடம்பின் செல்களோடு உரசுவது அந்த மேற்பரப்புதான். எடையை மட்டும் பார்க்கிற தராசுக்கு இது தெரியாது.

1990-களின் தொடக்கத்தில் எலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பெயின்டில் வெள்ளை நிறம் தருகிற டைட்டானியம் டைஆக்சைடுதான் பொருள். ஒரு கூட்டத்துக்கு 250 நானோமீட்டர் அளவுள்ள துகள், இன்னொன்றுக்கு 20 நானோமீட்டர். எடை சமமாக இருந்தபோதும் சின்னத் துகள் நுரையீரலில் அதிக அழற்சியை உண்டாக்கியது. மேற்பரப்பைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் புரிந்தது. இந்த வகை ஆய்வுகளின் அடிப்படையில்தான் 2011-இல் நியோஷ் ஒரே பொருளுக்கு இரண்டு வரம்புகள் சொன்னது. பெரிய துகளுக்கு 2.4 மில்லிகிராம், நானோ அளவுக்கு 0.3 மில்லிகிராம். ஒரே பெயர் கொண்ட பொருளுக்கு அளவைப் பார்த்து வரம்பு பிரித்த அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். 2021-இல் வெள்ளி நானோத் துகளுக்கும் 0.9 மைக்ரோகிராம் என்று தனியாக ஒரு வரம்பு வந்தது.

நானோகுழாயில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதன் வடிவம். 2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நீளமான, விறைப்பான நானோகுழாய்களை எலிகளின் வயிற்று உறைக்குள் செலுத்தியபோது ஆஸ்பெஸ்டாஸ் நார் உண்டாக்குகிற அதே மாதிரி விளைவுகள் தெரிந்தன. குட்டையாகவும் சிக்கலாகச் சுருண்டும் இருந்தவை அப்படிச் செய்யவில்லை. ஆகவே எல்லா நானோகுழாயும் ஆஸ்பெஸ்டாஸ் என்று பயமுறுத்துவது சரியல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் ஒரேயொரு வகையை மட்டும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. மற்றவற்றுக்கு, வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. இந்தக் கடைசி வரியைத்தான் விற்பனையாளர்கள் சிலர் "பாதுகாப்பானது" என்று படிக்கிறார்கள். அப்படிப் படிப்பது தவறு. ஆஸ்பெஸ்டாஸ் தூசியின் கூர்மையான, கண்ணாடித் துண்டு போன்ற துகள்களைப் பற்றி பிரிட்டனின் தொழிற்சாலை ஆய்வாளர் லூசி டீன் எழுதியது 1898-இல். அங்கே முதல் விதிகள் வந்தது 1931-இல். முழுத் தடை 1999-இல். சான்று முழுமையாகட்டும் என்று காத்திருந்த அந்த நூறு ஆண்டுகளில் நுரையீரலைப் பறிகொடுத்தவர்கள் தொழிலாளர்கள்.

மனிதர்களிடம் பதிவான ஒரு சம்பவத்தையும் சொல்கிறேன். 2014-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. 26 வயது வேதியியலாளர். நிக்கல் நானோத் தூளை ஒரு கிராம், இரண்டு கிராம் என்று திறந்த மேசையில் வைத்து எடை போட்டிருக்கிறார். பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு வாரத்துக்குள் தொண்டைக் கரகரப்பு, மூக்கடைப்பு, முகம் சிவப்பது என்று ஆரம்பித்தது. அப்புறம், காதணியும் பெல்ட் கொக்கியும் பட்ட இடங்களில் தோல் தடித்தது. நிக்கலுக்கு உடம்பு ஒவ்வாமை கொண்டுவிட்டது. ஒன்றிரண்டு கிராம் கையாண்டதற்கே இவ்வளவு.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது, அவர் செய்துகொண்டிருந்த வேலை. எடை போடுவது. மூடிய கலனுக்குள் நடக்கிற வேதிவினையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ இறுகிவிட்ட நானோத் துகளும், அதை அறுக்கவோ தேய்க்கவோ செய்யாதவரை, பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். ஆபத்து இருப்பது டப்பாவைத் திறக்கிற, தூளை அள்ளிக் கொட்டுகிற, பையை மாற்றுகிற, கலனைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற அந்தச் சில நிமிடங்களில்தான். உலர்ந்த நானோத் தூளைக் கரண்டியில் எடுத்தால் அது புகை மாதிரி எழும்பும். கையுறையில் நிலைமின்சாரம் இருந்தால் தூள் கரண்டியை விட்டுத் தாவும். இந்த வேலைகள் பெரும்பாலும் யாரிடம் போகின்றன? புதிதாகச் சேர்ந்தவர், மாணவர், துப்புரவு செய்கிறவர். தாளின் எட்டாவது பகுதியை அவர்களிடம் யாரும் காட்டுவதுகூட இல்லை.

ஃபியூம் ஹூட், அதாவது காற்றை உள்ளிழுத்து வெளியேற்றுகிற ஆய்வக அலமாரி, இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். இருக்கட்டும், நல்லது. ஆனால் அதன் காற்றின் வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு அரை மீட்டர் அளவில் இருந்தால் சரி. வேகம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று பலரும் திருகிவிடுகிறார்கள். வேகம் அதிகமானால் காற்று சுழன்று, தூளைத் தட்டிலிருந்து கிளப்பி, நிற்கிறவரின் முகத்துக்கே கொண்டுவரும். முடிந்தால் நாலு பக்கமும் மூடிய, கையுறை பொருத்திய பெட்டிக்குள் எடை போடுங்கள். இன்னும் நல்லது, தூளாக வாங்காமல் திரவத்தில் கலந்ததாக வாங்குவது. அதையும் தெளித்துவிட்டால் பயனில்லை.

முகக்கவசத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. இவ்வளவு சின்னத் துகள் வடிகட்டியின் துளை வழியே போய்விடாதா என்று. போகாது. மிகச் சிறிய துகள்கள் நேராகப் பயணம் செய்வதில்லை. காற்று மூலக்கூறுகள் மோதி மோதி அலைக்கழியும், இழைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நல்ல வடிகட்டி அவற்றை நன்றாகவே பிடிக்கிறது. கசிவது கவசத்தின் ஓரத்தில், கன்னத்துக்கும் விளிம்புக்கும் இடையில். தாடி இருந்தாலோ அளவு பொருந்தாவிட்டாலோ வடிகட்டி எவ்வளவு தரமாக இருந்தாலும் பயனில்லை. பொருத்தச் சோதனை செய்யாமல் கவசம் கொடுப்பதை நான் எந்த இடத்திலும் ஒப்புக்கொள்வதில்லை. மற்றபடி, உலர் துடைப்பமும் அழுத்தக் காற்றும் கூடவே கூடாது. ஈரத் துணியும், நுண்ணிய தூசியையும் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவமும் போதும். உலோகத் தூள் என்றால் தீப்பொறிக்கும் பயப்பட வேண்டும், சிறிதாகச் சிறிதாக எளிதில் பற்றும்.

சட்டம் என்ன செய்கிறது? சும்மா இருந்துவிடவில்லை. பிரான்சில் 2013 முதல், ஆண்டுக்கு 100 கிராமோ அதற்கு மேலோ நானோப் பொருளைத் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற, விநியோகிக்கிற நிறுவனம் அரசிடம் அறிவித்தாக வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2017-இல் தயாரிப்பாளர்களிடம் தகவல் கேட்கும் விதியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் தொழிலாளர் பாதுகாப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரசாயனங்களைப் பதிவு செய்யச் சொல்கிற ரீச் சட்டம் 2020 ஜனவரி முதல் நானோ வடிவத்துக்குத் தனி விவரம் கேட்கிறது. இவற்றில் ரீச் திருத்தத்தையே நான் முக்கியமானதாக நினைக்கிறேன். பொருளின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, துகளின் அளவு, வடிவம், மேற்பரப்பு எல்லாவற்றையும் சொல் என்கிறது. தரவுத் தாளில் இருக்கிற ஓட்டையை அடைக்கிற வழி அதுதான். ஆனால் நான் முன்பு சொன்ன நியோஷ் எண்கள் எல்லாம் பரிந்துரைகள். மீறினால் யாருக்கும் அபராதம் கிடையாது. சட்டத்தில் இன்னும் கிராஃபைட்டின் எண்தான் நிற்கிறது. அதை மாற்றாமல் வழிகாட்டிகளை அடுக்கிக்கொண்டே போவதில் எனக்குச் சம்மதமில்லை.

சட்டம் மாறும் வரை நீங்கள் செய்யக்கூடியது உண்டு. வாங்குகிற இடத்தில் நீங்கள் இருந்தால், விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எட்டாவது பகுதியில் உள்ள எண் இந்த நானோ வடிவத்துக்கு உரியதா, பெருந்துகளுக்கு உரியதா? பதில் இல்லையென்றால் கடுமையான வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். யார், எந்தப் பொருளை, எந்தத் தேதியில், எவ்வளவு கையாண்டார் என்று ஒரு பதிவேடு வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் நோய் தெரிய 20 முதல் 40 ஆண்டுகள் எடுத்தது. அதற்குள் நிறுவனம் கைமாறியிருக்கும், ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பார். அவர் போகும்போது அந்தப் பதிவின் நகல் ஒன்றை அவர் கையிலும் கொடுத்தனுப்புங்கள். நன்றி, வணக்கம்.